காற்றைக் கட்டிய கைகள்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும், எடிசனைப் பற்றி எழுத பத்துப் பேர், ஜேம்ஸ் வாட்டைப் பற்றி எழுத பத்துப் பேர் நம்ம டிபார்ட்மென்டிலேயே இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். அதனால் நம்மில் பலர் பெயரைக்கூடக் கேள்விப்படாத ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று துணிந்தேன். அவர் பெயர் நதானியேல் ஹெரஷாஃப். அமெரிக்காவில் பாய்ப்படகு கட்டுகிறவர்களுக்கு அவர் பெயர் தெரியாமல் இருக்காது. 1938லேயே மறைந்துவிட்ட அந்த மனிதர் என் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு பழைய, உடைந்த படகின் வழியாக. அதனால் முதலில் அந்தப் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் கடலோரக் குப்பத்துப் பையன். தாத்தா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். அப்பா ஃபைபர் படகில் போகிறார். பத்தாவது பாஸ் பண்ணி மேலே படிக்க வந்தது எங்க வீட்டில் நான்தான் முதல் ஆள். போன கோடை விடுமுறையில் இரண்டு அரியரோடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா திட்டவில்லை. பேசாமல் என்கூடக் கடலுக்கு வந்துடு என்று ஒரு ராத்திரி சாப்பிடும்போது சொன்னார், அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்பாகச் சொன்னார். அதுதான் வலித்தது.

என் தாய்மாமா ஒரு பாய்ப்படகுக் கழகத்தில் படகுகளைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறார். வீட்டில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பதற்குத் தன்னோடு வரச் சொல்லி அழைத்துப் போனார். அங்கே வேலி ஓரம் ஒரு சின்னப் படகு பல வருஷமாகக் கவிழ்ந்து கிடந்தது. 14 அடி நீளம். ஹல் என்று சொல்லும் ஒல்லியான உடல்கள் இரண்டு. அவற்றை இணைக்கும் அலுமினியக் குறுக்குக் குழாய்கள். நடுவில் ஆள் உட்காருவதற்கு இறுக்கிக் கட்டிய கெட்டித் துணி. இதற்கு ஆங்கிலத்தில் கட்டமரான் என்று பெயர். நம்ம கட்டுமரம் என்கிற சொல்தான் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் போய் அப்படி மாறிவிட்டது. ஆனால் ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். பெயர் நம்முடையது, உருவம் நம்முடையதல்ல. நம்ம கட்டுமரம் பல மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. இரண்டு உடல் கொண்ட படகைப் பழங்காலத்திலேயே பசிபிக் தீவு மக்கள் ஓட்டினார்கள்.

அந்தப் படகைச் சரி செய்து கடலில் இறக்க வேண்டும் என்பது மாமாவுக்குக் கொடுத்த வேலை. ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது எனக்குக் கொடுத்த வேலை. இந்த மாதிரிப் படகை முதலில் யார் போட்டிக்கு ஓட்டியது என்று மாமாவிடம் கேட்டேன். தனக்குத் தெரியாது, படிக்கிற பையன் நீதான் தேடணும் என்று சொல்லிவிட்டார். தேடினேன். ஹெரஷாஃப் கிடைத்தார்.

தம்பியின் கண், அண்ணனின் விரல்

நதானியேல் ஹெரஷாஃப் 1848ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிரிஸ்டல் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். பெரிய குடும்பம். அப்பாவுக்குப் படகு என்றால் உயிர். அண்ணன் ஜான், நதானியேலைவிட ஏழு வயது மூத்தவர். சின்ன வயசிலேயே படகு கட்ட ஆரம்பித்தவர் அவர். பதினைந்து வயது வாக்கில் ஜானுக்குப் பார்வை முழுவதுமாகப் போய்விட்டது.

நம்ம ஊரில் என்ன சொல்லுவாங்க? பாவம், இனி ஒரு மூலையில் உட்கார வேண்டியதுதான் என்று சொல்லுவாங்க. ஜான் உட்காரவில்லை. தம்பியைக் கூட வைத்துக்கொண்டு படகு ஓட்டினார், படகு கட்டினார். காற்று எங்கிருந்து வருகிறது, அலை எப்படி எழும்புகிறது என்று பார்க்கிற கண் தம்பியின் கண். மரத்தில் செதுக்கிய படகு மாதிரியைத் தடவி, எந்த வளைவு சரி, எந்த வளைவு தப்பு என்று சொல்கிற விரல் அண்ணனின் விரல். அந்த விரலுக்குத் தப்பாத அளவு வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயத்திலேயே நதானியேல் வளர்ந்தார். நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங் செக்‌ஷனில் அரம் போட்டுவிட்டு, கண்ணால் பார்த்து ஓகே என்று வைத்துவிடுகிறோமே, அதே பீஸைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் தடவிப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் விரலுக்குத் தெரியும்.

பிறகு நதானியேல் பாஸ்டன் நகரில் எம்.ஐ.டி.யில் சேர்ந்து இயந்திரவியல் படித்தார். அப்போது அது வகுப்பு ஆரம்பித்துச் சில வருஷமே ஆன புதுக் கல்லூரி. அவர் படித்தது நம்ம டிப்ளமோ போலவே மூன்று வருஷம். அது முடிந்ததும் பிராவிடன்ஸ் நகரில் கார்லிஸ் நீராவி எஞ்சின் கம்பெனியில் வேலைக்குப் போனார். 1876ல் அமெரிக்கா சுதந்திரம் அடைந்த நூற்றாண்டு விழாவுக்காகப் பிலடெல்பியாவில் மாபெரும் கண்காட்சி நடந்தது. அங்கே 40 அடிக்கு மேல் உயரம், 1400 குதிரைத் திறன் கொண்ட கார்லிஸ் எஞ்சின்தான் எல்லா இயந்திரங்களுக்கும் சக்தி கொடுத்தது. அதை ஓட்டுவதை மேற்பார்வை பார்த்தவர்களில் இருபத்தெட்டு வயது ஹெரஷாஃபும் ஒருவர்.

ஜெயித்தும் தோற்ற படகு

பகலெல்லாம் எஞ்சினோடு இருந்த அந்த இளைஞரின் மனசு காற்றில்தான் இருந்தது. அக்காலத்துச் சின்னப் பந்தயப் படகுகள் அகலமானவை, பாய் மிகப் பெரியது. காற்றடித்தால் சாயும். சாயாமல் இருக்க, ஓட்டுகிறவர்கள் மணல் மூட்டைகளைக் காற்று வரும் பக்கத்துக்கு மாற்றி மாற்றி வைப்பார்கள். அதாவது வேகமாகப் போக வேண்டிய படகு, சாயாமல் இருப்பதற்காகவே பாரத்தைச் சுமந்துகொண்டு போகும்.

ஹெரஷாஃப் யோசித்தார். பாரத்தைக் கூட்டாமலே சாயாமல் நிற்க என்ன வழி? இரண்டு கால்களை அகட்டி வைத்து நின்றால் யாரும் நம்மைச் சுலபமாகத் தள்ள முடியாது இல்லையா? அதே தத்துவம்தான். இரண்டு ஒல்லி ஹல்களைத் தள்ளித் தள்ளி வைத்தால் அந்த அகலமே படகைத் தாங்கும். ஒல்லியாக இருப்பதால் தண்ணீரையும் அதிகம் கலக்காமல் கிழித்துக்கொண்டு போகும். இப்படி அவர் கட்டிய சுமார் 25 அடி நீளப் படகுக்கு அமரில்லிஸ் என்று பெயர்.

அதில் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்று உண்டு. இரண்டு ஹல்லையும் அவர் போல்ட் போட்டு இறுக்கி ஒன்றாக்கிவிடவில்லை. பால் அண்ட் சாக்கெட் ஜாயின்ட் வைத்து இணைத்தார். ஒரு ஹல் அலை மேல் ஏறும்போது இன்னொன்று அலைக்குக் கீழே இருக்கலாம். இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டும், ஆனால் பிரிந்து போகக் கூடாது. கடல் முறுக்குகிற முறுக்கை எதிர்த்து நிற்காமல், கொஞ்சம் விட்டுக் கொடுத்து வாங்கிக்கொள்கிற ஏற்பாடு அது.

இதை தாத்தாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. கட்டுமரத்தில் ஏன் ஆணி அடிக்காமல் கயிறு கட்டுகிறோம் என்று நினைத்தாய் என்பது போல ஒரு பார்வை பார்த்தார். கரைக்கு வந்ததும் கயிற்றைப் பிரித்து மரங்களைத் தனித்தனியாகக் காய வைக்கலாம் என்பது ஒரு காரணம். கரையில் உடைகிற அலையில் மரங்கள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், அதனால் கட்டு அறாது என்பது இன்னொரு காரணம். பள்ளிக்கூடம் போகாத தாத்தாவும், எம்.ஐ.டி.யில் படித்த ஹெரஷாஃபும் ஒரே கடலிடம் ஒரே பாடத்தைக் கற்றிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் என் படிப்பு என்னை எங்க குப்பத்திலிருந்து வேறெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது என்ற பயம் எனக்குக் கொஞ்சம் குறைந்தது.

1876 ஜூன் மாதம், அதே நூற்றாண்டு விழாவை ஒட்டி நியூயார்க் துறைமுகத்தில் படகுப் போட்டி நடந்தது. அமரில்லிஸ் கலந்துகொண்டது. காற்று வலுத்ததும் ஒவ்வொரு படகாகத் தாண்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்து முடித்தது. முடித்து என்ன பயன்? தோற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். இது படகே இல்லை என்பது அவர்கள் வாதம். அமரில்லிஸுக்குப் பரிசு மறுக்கப்பட்டது. அந்த வகைப் படகையே போட்டிகளிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள்.

தோழர்களே, ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்க. தோற்று வெளியே வருவது ஒரு வலி. ஜெயித்தும் வெளியே தள்ளப்படுவது எவ்வளவு பெரிய வலி! ஹெரஷாஃப் 1877 ஏப்ரலில் தன் கட்டமரானுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னும் சில கட்டமரான்களைக் கட்டினார். தானே ஓட்டி மகிழ்ந்தார். வாசல் மூடியே இருந்தது. அவர் வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டு காலம் கழிக்கவில்லை. 1878ல் கார்லிஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அண்ணனோடு சேர்ந்து பிரிஸ்டலில் ஹெரஷாஃப் உற்பத்திக் கம்பெனியைத் தொடங்கினார். கணக்கு, வியாபாரம் எல்லாம் கண் தெரியாத அண்ணன். வடிவமைப்பு முழுவதும் தம்பி.

நான் உடைத்த போல்ட் துளை

இங்கே என் கதை கொஞ்சம் குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பழைய படகைத் திருப்பிப் போட்டதும் மாமா ஒரு நாணயத்தை எடுத்து, தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல ஹல் முழுக்கத் தட்டினார். நல்ல இடத்தில் டங் டங் என்று கணீரென்று கேட்டது. சில இடத்தில் டப் டப் என்று செத்த சத்தம். உள்ளே ஃபைபர் அடுக்குக்கும் நடுவில் இருக்கும் ஃபோமுக்கும் ஒட்டு விட்டுப் போயிருந்தால் அப்படிக் கேட்குமாம். அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, மேல் அடுக்கில் மட்டும் சின்னச் சின்னத் துளை போட்டு, ஈரம் முழுதும் காயும் வரை விட்டோம். பிறகு ஊசிக் குழாயால் எபாக்ஸி ரெசினைச் செலுத்தினோம். ஒரு துளையில் ஏற்றினால் பக்கத்துத் துளையில் வழிய வேண்டும். வழிந்தால் உள்ளே நிரம்பிவிட்டது என்று அர்த்தம். மேலே பாலித்தீன் தாள் விரித்து, பாரம் வைத்து, இறுக விட்டோம்.

குறுக்குக் குழாயை ஹல்லில் மாட்டுகிற நாள் வந்தது. மாமா டீ குடிக்கப் போயிருந்தார். நான் இயந்திரவியல் மாணவன் ஆச்சே! பலம் காட்டி போல்ட்டை இறுக்கினேன். இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று. டக் என்று ஒரு சத்தம். போல்ட் துளையைச் சுற்றி ஃபைபரில் நட்சத்திரம் போல விரிசல் ஓடியிருந்தது. இரும்பை இறுக்குகிற இறுக்கை ஃபைபர் தாங்காது என்பதை யோசிக்கவே இல்லை. பெரிய வாஷர் போட்டு அழுத்தத்தைப் பரப்பியிருக்க வேண்டும், போதும் என்ற இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். மாமா வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உப்புத்தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். இரண்டு நாள் தேய்த்து, கண்ணாடி இழைத் துணி வைத்து, மறுபடி ரெசின் பூசி அந்த விரிசலை மூடினேன். அரியர் வந்தபோது வராத அழுகை அன்றைக்கு வந்தது. எதைத் தொட்டாலும் கெடுக்கிறேன் என்று தோன்றியது.

அந்த ராத்திரிதான் ஹெரஷாஃப் வாழ்க்கையின் இன்னொரு பக்கத்தைப் படித்தேன்.

மூடப்பட்ட வால்வு

அண்ணன் தம்பி கம்பெனி நீராவிப் படகுகளுக்கும் பெயர் பெற்றது. அமெரிக்கக் கடற்படைக்கே டார்பிடோ படகுகள் கட்டிக் கொடுத்தார்கள். 1888ல் சே வென் என்ற 138 அடி நீள நீராவிப் படகின் வேக சோதனை நடந்தது. ஒப்பந்தத்தில் சொன்ன வேகம் வந்தாக வேண்டும். ஹெரஷாஃப் படகில் இருந்தார். பாய்லரில் அழுத்தம் அதிகமாகி சேஃப்டி வால்வு தானாகத் திறந்துகொண்டது. வேகம் குறைந்துவிடக் கூடாதே என்று அவர் அதை மூடினார். பாய்லர் வெடித்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். ஹெரஷாஃபின் நீராவி எஞ்சினியர் உரிமம் பறிக்கப்பட்டது.

இதை மறைத்துவிட்டு எழுதலாம். மேதை, மாமேதை என்று மட்டும் எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாம் பாய்லர் பற்றிப் படிக்கிறவர்கள், நாளைக்குப் பாய்லர் பக்கத்தில் வேலை பார்க்கப் போகிறவர்கள். விட்டுக் கொடுக்கிற ஜாயின்ட்டைக் கண்டுபிடித்த அதே மனிதர், விட்டுக் கொடுப்பதற்காகவே வைத்த வால்வை ஒரு அவசரத்தில் இறுக்கி மூடிவிட்டார். அவருக்கு அறிவு குறைவா? இல்லை. சொன்ன வேகம் வர வேண்டும் என்ற நெருக்கடி. அந்த நெருக்கடி நம் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் வரும். அன்றைக்கு இந்தப் படகின் பெயர் ஞாபகம் வரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் விரிசலை உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்ய முடிந்தது. அந்தத் தொழிலாளியின் உயிரை எந்த உப்புத்தாளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

கோப்பைகளின் காலம்

அதன் பிறகு ஹெரஷாஃபின் புகழ் பாய்ப்படகுகளால்தான் உயர்ந்தது. 1891ல் அவர் வடிவமைத்த குளோரியானா, முதல் பருவத்தில் கலந்துகொண்ட எட்டுப் போட்டியிலும் ஜெயித்தது. உலகத்தின் பழமையான விளையாட்டுக் கோப்பைகளில் ஒன்றான அமெரிக்கா கோப்பை 1851 முதல் நடப்பது. அதைக் காப்பாற்றும் படகைக் கட்டுகிற பொறுப்பு அவரைத் தேடி வந்தது. 1893ல் விஜிலன்ட், 1895ல் டிஃபெண்டர், 1899லும் 1901லும் கொலம்பியா, 1903ல் ரிலையன்ஸ், 1920ல் ரெசல்யூட். ஐந்து படகுகள், ஆறு வெற்றிகள். ரிலையன்ஸ் 144 அடி நீளம், 16,000 சதுர அடிக்கு மேல் பாய்! ஜெயித்தும் வெளியே தள்ளப்பட்ட அந்த மனிதரிடமே ஒரு நாடு தன் மானத்தைக் காப்பாற்றச் சொல்லி வந்து நின்றது.

இவ்வளவு பெரிய படகுகளை எப்படி வடிவமைத்தார் தெரியுமா? முதலில் வரைபடம் போடவில்லை. ஒரு மரத்துண்டை எடுத்து, படகின் பாதி உருவத்தைக் கத்தியாலும் இழைப்புளியாலும் செதுக்குவார். கைக்குத் திருப்தியான பிறகு, அதற்கென்றே வைத்திருந்த ஒரு கருவியால் அந்த மாதிரியின் ஒவ்வொரு வளைவையும் அளந்து அட்டவணையாக எழுதுவார். அந்த அளவுகளிலிருந்துதான் முழுப் படகு உருவாகும். மினி டிராஃப்டரோடு மல்லுக்கட்டி, டிராயிங்கில் அரியர் வைத்த எனக்கு இதைப் படித்ததும் ஒரே சந்தோஷம். டிராயிங் வேண்டாம், கை போதும் போல என்று நினைத்தேன். ஆனால் கொஞ்சம் கூர்ந்து படித்ததும் என் சந்தோஷம் அடங்கிவிட்டது. ஒரு நூல் அளவுகூடப் பிசகாமல் அளந்து எழுதாவிட்டால், அந்த மரத்துண்டு வெறும் பொம்மைதான். கை உருவாக்குகிறது, அளவு அதைப் பத்திரப்படுத்தி அடுத்தவர் கையில் கொடுக்கிறது. டிராயிங் என்பது அதுதான் என்று எனக்கு மூன்றாவது வருஷத்தில் புரிந்தது!

டிஃபெண்டர் படகில் இன்னொரு பாடம் இருக்கிறது. எடை குறைய வேண்டும் என்று தண்ணீருக்கு மேலே அலுமினியத் தகடு, தண்ணீருக்குக் கீழே வெண்கலத் தகடு, உள்ளே எஃகுச் சட்டம் என்று அமைத்தார். வேகம் பிரமாதம். ஆனால் வேறு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் இருந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்யும், அலுமினியம் கரைந்து போகும். டிஃபெண்டர் அரிபட்டு, 1901லேயே உடைத்துப் பிரிக்கப்பட்டது.

எங்கள் படகின் அலுமினியப் பாய்மரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவெட் அடித்த இடங்களில் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. முன்னாடி என்றால் உப்பு என்று துடைத்துவிட்டுப் போயிருப்பேன். இப்போது அது அலுமினியம் அரித்த சாம்பல் என்று தெரியும். பழைய ரிவெட்டை எடுத்து, சுத்தம் செய்து, இரண்டு உலோகமும் நேராகத் தொடாதபடி நடுவில் பூச்சு தடவிப் புதிதாக அடித்தோம். நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு மேதை செய்த தப்பு, எங்கள் பாய்மரத்தைக் காப்பாற்றியது.

கடைசிக் காலம்

அண்ணன் ஜான் 1915ல் இறந்தார். 1924ல் கம்பெனி வேறு கைக்குப் போனது. ஹெரஷாஃப் அதிகம் பேசாதவர், மேடை ஏறாதவர். 1914ல் சிறுவர்கள் படகு ஓட்டப் பழகுவதற்காக அவர் வடிவமைத்த சின்னப் படகு, தண்ணீர்மட்டத்தில் வெறும் பன்னிரண்டரை அடி நீளம். நூறு வருஷம் தாண்டிய பிறகும் பழுது பார்த்துப் பழுது பார்த்து அந்த ரகப் படகுகளை ஓட்டுகிறார்கள். பிரமாண்டமான ரிலையன்ஸ் 1913லேயே உடைக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்காகச் செய்த சின்னப் படகு நிலைத்து நிற்கிறது.

1933ல், அவருடைய எண்பத்தைந்தாவது வயதில், அமரில்லிஸ் இரண்டு என்ற கட்டமரான் கட்டப்பட்டது. அவர் மகன் சிட்னியின் முயற்சி அது. இளமையில் உலகம் ஒதுக்கிய கனவு, முதுமையில் மகன் வழியாகத் திரும்பி வந்தது. 1938 ஜூன் 2ஆம் தேதி, பிறந்த ஊரான பிரிஸ்டலிலேயே ஹெரஷாஃப் கண்ணை மூடினார். அந்த இரண்டாவது அமரில்லிஸ் பிரிஸ்டலில் அவர் குடும்பப் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கதை அங்கே முடியவில்லை. 1960களில் கண்ணாடி இழையில் சின்னக் கட்டமரான்கள் பெருகின. 1976ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் டொர்னேடோ என்ற கட்டமரான் முதன்முதலாகப் போட்டிக்கு வந்தது. 1876ல் வெளியே தள்ளினார்கள், சரியாக நூறு வருஷம் கழித்து ஒலிம்பிக் வாசலைத் திறந்துவிட்டார்கள்! 2013லும் 2017லும் அமெரிக்கா கோப்பைப் போட்டியே கட்டமரான்களில்தான் நடந்தது. அதைப் பார்க்க ஹெரஷாஃப் இல்லை.

எங்கள் படகு இறங்கியது

விடுமுறை முடியும் முன்னால் எங்கள் படகும் தயாரானது. சுருதி சேர்ப்பது போன்ற கடைசி வேலை பாக்கி. இரண்டு ஹல்லின் முன்முனைகளுக்கு நடுவே உள்ள தூரமும், பின்முனைகளுக்கு நடுவே உள்ள தூரமும் ஒன்றா என்று டேப் பிடித்தோம். மூலைக்கு மூலை குறுக்காக அளந்தோம். இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால்தான் சட்டம் சதுரம். இரண்டு சுக்கானும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று போகும், ஒன்று இழுக்கும். இழை பிரிந்திருந்த கம்பிவடத்தை மாற்றினோம். நடுத் துணியைக் கயிறு போட்டு மத்தளத் தோல் மாதிரி இறுக்கினோம். இந்தப் படகின் சட்டம் அமரில்லிஸ் மாதிரி அசையக் கூடாது என்றார் மாமா. பாய்மரத்தைப் பிடித்திருக்கிற கம்பிகளெல்லாம் ஹல்லிலேயே கட்டப்பட்டிருப்பதால், சட்டம் முறுக்கினால் கம்பி தளரும், பாய் தன் வடிவத்தை இழக்கும். ஆனால் பாய்க்குள் இருக்கும் பட்டைகளை அளவோடுதான் இறுக்க வேண்டும். காற்று பலமான நாளில் கொஞ்சம் தளர்த்திவிட்டால் பாய் தட்டையாகும், படகு அடங்கும்.

எதை இறுக்க வேண்டும், எதைத் தளர விட வேண்டும்? தாத்தாவின் கயிறும், அமரில்லிஸின் ஜாயின்ட்டும், சே வென்னின் வால்வும், நான் உடைத்த போல்ட் துளையும் எனக்குச் சொன்னது இந்த ஒரு கேள்வியைத்தான். எல்லா இயந்திரத்துக்கும் ஒரே பதில் கிடையாது. ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, அளந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

படகை இறக்கிய அன்று தாத்தாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். காற்று வந்ததும் ஒரு ஹல் லேசாகத் தூக்கியது, படகு சீறிக்கொண்டு போனது. காற்றுக்கு எதிர்ப்பக்கத்துக் கம்பிவடம் தளர்ந்து ஆடுவதைப் பார்த்து நான் பயந்தேன். அது அப்படித்தான் இருக்கும் என்று மாமா சிரித்தார். கரையில் நின்ற அப்பா, நான் ரெசின் பூசிய இடம் எது என்று கேட்டார். காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். மேடு தெரியவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி நடக்கும்போது, பரீட்சைப் பணம் எப்போது கட்டணும் என்று மட்டும் கேட்டார்.

தோழர்களே, அந்த இரண்டு அரியரில் ஒன்றை எழுதி முடித்துவிட்டேன். டிராயிங் இன்னும் பாக்கி இருக்கிறது. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அதையும் எழுதியிருப்பேன். கை நடுங்காது என்ற நம்பிக்கை இருக்கிறது.